வேலூர் சி.எம்.சி.: வகுப்பறை வளர்த்த ஆஸ்பத்திரி

ஹவுரா, குவாஹாத்தி பக்கமிருந்து பெங்களூர் போகும் ரயில் காட்பாடியில் நிற்கும்போது பிளாட்பாரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இறங்குபவர்களில் பாதிப் பேர் கையில் சூட்கேஸோடு ஒரு பெரிய எக்ஸ்ரே கவரும் இருக்கும். வாசலில் ஆட்டோக்காரர்கள் இந்தியிலும் அரைகுறை வங்காளியிலும் கூப்பிடுவார்கள். எங்கே போகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பாலாற்றைத் தாண்டி ஊருக்குள் வந்தால், பாபு ராவ் தெருவில் லாட்ஜ் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்க எழுத்து. மெஸ்ஸில் கடுகெண்ணெய் வாசனை. சாம்பார் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று இல்லாதவற்றையே வரிசையாகச் சொல்லும். (சாமி 1981-ல் திரும்ப வந்துவிட்டார். மற்றவை அப்படியேதான்.) இவ்வளவு இல்லாமைக்கு நடுவே, துறைமுகமோ தலைநகரமோ இல்லாத ஒரு ஊரில், நாட்டின் மிகப் பெரிய போதனா மருத்துவமனைகளில் ஒன்றான சி.எம்.சி., அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, எப்படி முளைத்தது?

வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டரம்மாவின் தியாகம். அது பொய்யில்லை. ஆனால் தியாகம் செய்த டாக்டர்கள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரிகள் தென்னிந்தியாவில் எத்தனையோ இருந்தன. அவற்றில் பல இன்று ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், பூட்டிய ஆபரேஷன் தியேட்டர் என்று இருக்கின்றன. அதே காலம், அதே வகைப் பணம், அதே வகை மனிதர்கள். வேலூர் மட்டும் ஏன் வேறு மாதிரி ஆனது?

என் வாதம் இதுதான். ஆஸ்பத்திரி பெரிதாகி, அப்புறம் ஒரு கல்லூரியைத் தொடங்கியதாக நாம் நினைக்கிறோம். வேலூரில் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். ஒவ்வொரு கட்டத்திலும் அங்கே பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டிய கட்டாயம்தான் ஆஸ்பத்திரியை இழுத்துக்கொண்டு போனது. மாணவிகளுக்காகப் படுக்கைகள் வந்தன. பல்கலைக்கழகம் கேட்டதால் நிபுணர்கள் வந்தார்கள். அந்த நிபுணர்களைத் தேடி நோயாளிகள் வந்தார்கள்.

திண்டிவனத்து இரவும் ஒற்றைக் கட்டிலும்

ஸ்கடர் குடும்பத்துக்குத் தமிழ் மண் புதிதில்லை. தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர், பிறகு சென்னைக்கு வந்தவர். அவருடைய மகன்கள்தான் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். மூன்றாம் தலைமுறையான ஐடா 1870 டிசம்பரில் ராணிப்பேட்டையில் பிறந்தார். படிக்க அமெரிக்கா போன பெண்ணுக்குத் திரும்பி வரும் எண்ணமே கிடையாது. தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890களின் தொடக்கத்தில் திண்டிவனத்துக்கு வந்தபோது நடந்ததுதான் எல்லோரும் அறிந்த கதை. ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் மேல்சாதி இந்து. மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில். உள்ளே டாக்டர் இருக்கிறார், ஐடாவின் அப்பா. ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று ஐடாவைக் கேட்டார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

இந்தக் கதையைப் பக்திக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆய்வுக்கண்ணோடு பார்த்தால் அதில் தெரிவது ஒரு முட்டுக்கட்டை. மருந்தும் டாக்டரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பெண் டாக்டர் இல்லாததால் உயிர் போகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துவிட்டது. அங்கே படித்த மேரி ஷார்லீப் முன்னின்று, திரைமறைவில் வாழ்ந்த கோஷா பெண்களுக்காக 1885-ல் சென்னையில் தனி ஆஸ்பத்திரியும் வந்தது. ஆனால் அது சென்னை. திண்டிவனத்துக்கும் குடியாத்தத்துக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

ஐடா 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். அங்கே பெண்களைச் சேர்த்த முதல் வகுப்பு அது. நியூயார்க் வங்கிக்காரர் ராபர்ட் ஷெல், இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900 ஜனவரியில் ஐடா வேலூர் வந்தார். சில மாதங்களில் அப்பாவும் இறந்துவிட, பங்களாவிலேயே ஒரு அறையில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம். ஷெல் பணத்தில் கட்டிய 40 படுக்கை ஆஸ்பத்திரி 1902-ல் திறந்தது. அந்தக் கட்டடம் பிற்காலத்தில் கண் மருத்துவமனையாகி, வேலூர்க்காரர்கள் வாயில் ‘ஷெல் ஆஸ்பத்திரி’ ஆகவே நிலைத்துவிட்டது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒரு சின்ன விஷயம். அந்த ஒற்றைக் கட்டில் நாட்களிலேயே ஐடாவுக்குக் கை கொடுத்தவர் வீட்டோடு இருந்த சலோமி என்ற பெண். அவருக்குக் கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் சொல்லிக்கொடுத்தாகவேண்டியிருந்தது, வேறு வழியில்லை. 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்ததும் அதே தேவையிலிருந்துதான். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்க்கும் ‘ரோட்சைடு’ முறையும் இந்தக் காலத்தில் தொடங்கியதே. முதலில் மாட்டுவண்டி, பிறகு ஒரு சின்ன பெஜோ கார். வாரம் ஒருநாள், குறித்த மரம், குறித்த நேரம். அந்தச் சாலையோரங்களில்தான் ஐடாவுக்குக் கணக்கு புரிந்திருக்கவேண்டும். தான் ஒருத்தி எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்?

ஆறு பேர் கிடைத்தால் பார்க்கலாம்

பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி என்பது புது யோசனை அல்ல. லூதியானாவில் எடித் பிரவுன் 1894-லேயே தொடங்கிவிட்டார். தென்னிந்தியாவில் இல்லை, அவ்வளவுதான். சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவராக, அதாவது சர்ஜன் ஜெனரலாக, இருந்த கர்னல் பிரைசனிடம் ஐடா அனுமதி கேட்டபோது, ஆறு விண்ணப்பம் வந்தாலே பெரிது, வந்தால் தொடங்குங்கள் என்கிற மாதிரி பதில் வந்தது. விண்ணப்பங்கள் அதைவிடப் பல மடங்கு வந்தன. முதல் உலகப் போர் முடியாத நேரம். 1918 ஆகஸ்ட் 12-ல் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். நான்கு வருடம் படித்து, பட்டத்துக்கு ஒரு படி கீழான எல்.எம்.பி. என்ற டாக்டர் சான்றிதழ் வாங்கலாம்.

கட்டடம், ஆசிரியர், கருவி எல்லாமே பற்றாக்குறை. பெரும்பாலான பாடங்கள் ஐடாவின் தலையில். மாணவிகள் அவரை ‘ஐடா அத்தை’ என்றே கூப்பிட்டார்கள். ‘ஆன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்தான் வழக்கம் என்றாலும், தமிழில் அது அத்தையாகத்தான் விழும். முதல் வருடத் தேர்வுக்குச் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஒரே வினாத்தாள். வேலூர்ப் பெண்கள் 14 பேர். ஆண்கள் பள்ளிகளிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறினார், உங்கள் பெண்கள் தோற்றால் மனம் தளராதீர்கள் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவிட்டார்களாம். முடிவு வந்தது. 14 பேரும் தேறியிருந்தார்கள், அதில் நான்கு பேர் முதல் வகுப்பு. பாகாயம் கல்லூரி வளாகத்தில் இன்றும் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு முதலில் சொல்லப்படும் கதைகளில் இது ஒன்று. 1922-ல் அந்த 14 பேர் டாக்டர்களாக வெளியே போனார்கள்.

பள்ளி நிலைத்ததும் ஆஸ்பத்திரி போதவில்லை. ஷெல் ஆஸ்பத்திரியின் 40 படுக்கையில் எத்தனை மாணவிகள் எத்தனை பிரசவம் பார்த்துப் பழகமுடியும்? ஊர் நடுவே தோட்டப்பாளையத்தில் புது ஆஸ்பத்திரி எழுந்தது 1923–24-ல். அதற்கான பணத்தின் கதை சுவையானது. அமெரிக்காவில் லூசி பீபாடி என்ற அம்மையார், ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக நாடு முழுக்கச் சர்ச்சுப் பெண்களிடம் காசு திரட்டினார். சென்னை விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜும் வேலூரும் அந்தப் பட்டியலில் இருந்தன. பெண்கள் இரண்டு டாலர் திரட்டினால் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை ஒரு டாலர் சேர்க்கும் என்று ஒப்பந்தம். திரட்டிவிட்டார்கள். கொடுத்த லட்சக்கணக்கான பெண்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்: இது பெண்களுக்காகப் பெண்கள் கட்டும் கல்லூரி. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய சண்டைக்குக் காரணமாகும்.

கல்லூரி வளாகத்துக்கு ஊருக்குள் இடமில்லாமல், ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தள்ளி மலையடிவாரத்தில் பாகாயத்தில் 200 ஏக்கர் வாங்கி, 1932-ல் குடிபோனார்கள். ஆஸ்பத்திரி ஓரிடம், வகுப்பறை வேறிடம். பார்த்தால் திட்டப் பிழை மாதிரித்தான் தெரியும். வார்டுக்கும் வகுப்புக்கும் நடுவே தினமும் பஸ் ஓடவேண்டியிருக்கிறது, இன்று வரை. ஆனாலும் ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளி கூட்டமும், ஊருக்கு வெளியே இருந்த கல்லூரிக்கு விரிய இடமும் கிடைத்தது. தெரிந்தே செய்தார்களா என்றால் எனக்குச் சந்தேகம்தான். கையில் கிடைத்த நிலத்தை வாங்கினார்கள்.

1938: மேலே ஏறு, இல்லையென்றால் மூடு

இந்த வரலாற்றில் நான் அதிகம் நிறுத்திப் பார்க்கும் இடம் இது.

1937 தேர்தலில் சென்னையில் காங்கிரஸ் அமைச்சரவை வந்தது, ராஜாஜி பிரதமர் (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்). எல்.எம்.பி. படிப்பு இனி வேண்டாம், டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். மட்டுமே என்பது புதிய கொள்கை. ராயபுரத்தில் இருந்த அரசு மருத்துவப் பள்ளி 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது இந்தக் கொள்கையால்தான். அரசுப் பள்ளிக்கு அரசுப் பணம் இருந்தது. வேலூருக்கு?

அந்தக் கொள்கை சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். இரண்டாந்தர டாக்டர் என்று ஒரு ஜாதி இருக்கக்கூடாது என்ற வாதத்தில் சுயமரியாதை இருந்தது. எல்.எம்.பி.க்காரர்களை ஐ.எம்.எஸ். என்ற இந்திய மருத்துவப் பணியின் வெள்ளைக்கார டாக்டர்கள் மட்டம் தட்டியே வைத்திருந்தார்கள். மறுபக்கம், சின்ன ஊர்களில் போய் உட்கார்ந்தவர்களும் எல்.எம்.பி.க்காரர்களே. எங்கள் வட ஆற்காடு பக்கம் வயதானவர்கள் ‘எல்.எம்.பி. டாக்டர்’ என்று சொல்லும்போது குரலில் ஒரு நன்றி கேட்கும், அலட்சியம் இருக்காது. அந்த வழி அடைபட்டபின் கிராமத்துக்கு டாக்டர் போவது குறைந்தது என்பதை மறுப்பது கஷ்டம். சுகாதாரத் துறையை ஆராய்ந்த, ஜோசப் போர் (Bhore) தலைமையிலான கமிட்டியின் 1946 அறிக்கையிலும் இந்தக் கேள்வியில் உறுப்பினர்கள் ஒருமனதாக இல்லை.

சரி, வேலூருக்கு வருவோம். பட்டப்படிப்பு என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு வேண்டும். பல்கலைக்கழகம் சும்மா இணைக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் உயர்பட்டம் பெற்ற பேராசிரியர், தனித்தனி ஆய்வகம், இன்னும் நிறையப் படுக்கைகள், பெண்கள் மட்டுமல்லாமல் ஆண் நோயாளிகளுக்கும் வார்டு. ஐடாவின் கையில் இருந்தது பெண் டாக்டர்கள் சிலரும் கடன் இல்லாத ஒரு கட்டடமும். 1939-ல் உலகப் போர் வேறு வந்துவிட்டது. கப்பல் போக்குவரத்தே நிச்சயமில்லாத நேரத்தில் இங்கிலாந்திலிருந்து எஃப்.ஆர்.சி.எஸ். என்ற உயர் அறுவைச் சிகிச்சைத் தகுதி பெற்ற டாக்டரை எங்கே போய்க் கூப்பிடுவது?

ஒரு வழி இருந்தது. இந்தியாவில் வேலை செய்த பல மிஷன்கள் சேர்ந்து, ஆண்களுக்கும் பெண்களுக்குமாக ஒரே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று வெகுநாளாகப் பேசிக்கொண்டிருந்தன. இடம்தான் முடிவாகவில்லை. வேலூரில் நிலமும் கட்டடமும் இருக்கிறது, அவர்களிடம் டாக்டர்களும் பல சர்ச்சுகளின் ஆதரவும் இருக்கிறது. சேர்ந்தால் கல்லூரி பிழைக்கும். ஆனால் சேர்ந்தால் ஆண்கள் வருவார்கள்.

இங்கேதான் லூசி பீபாடி எதிர்த்து நின்றார். பெண்களுக்காக என்று சொல்லித்தானே காசு வாங்கினோம், கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட்டால் இந்த நிகழ்வின் பாதிக் கனம் போய்விடும். ஆண்கள் உள்ளே வந்தால் தலைமை மெல்ல அவர்கள் பக்கம் போகும், பெண்களுக்கான இடம் குறையும் என்ற அச்சம் பல நாடுகளில் உண்மையாகவும் ஆகியிருக்கிறது. எழுபது வயதில், 1941-ல், ஐடா பணம் திரட்ட அமெரிக்கா போனபோது, பழைய தோழிகளில் ஒரு பகுதியே எதிர் அணியில் இருந்தது. அவர் தடுமாறினார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்கப் பெண்களுக்காக என்றே உழைத்தவர். கடைசியில் கல்லூரி பிழைப்பது முக்கியம் என்ற பக்கம் சாய்ந்தார். நான்கு வருடம் அங்கேயே ஊர் ஊராகப் பேசிக் காசு சேர்த்தார்.

1942-ல் எம்.பி.பி.எஸ். முதலாண்டு வகுப்புக்கு இணைப்பு கிடைத்தது. தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் 1944-ல் முதல்வராக வந்து, இங்கிலாந்தில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கடிதம் எழுதி டாக்டர்களை இழுத்தார். 1946-ல் நர்ஸிங்குக்கும் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவில் பி.எஸ்ஸி. நர்ஸிங் தொடங்கிய முதல் இரண்டு இடங்கள் டில்லியும் வேலூரும். 1947-ல் முதன்முதலாக ஆண் மாணவர்கள் பாகாயத்துக்குள் வந்தார்கள். மறுவருடம் தலைமைப் பொறுப்பு ஒரு இந்தியப் பெண்ணிடம் வந்தது. விசாகப்பட்டினத்தில் பிறந்த ஹில்டா லாசரஸ், பெண்கள் மருத்துவப் பணியின் தலைமை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பீபாடி பயந்தது அந்தத் தலைமுறையிலாவது நடக்கவில்லை.

இப்போது பின்னோக்கிப் பார்த்தால், பட்டப்படிப்பு என்ற நிபந்தனை மட்டும் வராமல் இருந்திருந்தால் வேலூர் ஒரு நல்ல பெண்கள் ஆஸ்பத்திரியாக நின்றிருக்கும். மூளை அறுவைச் சிகிச்சைக்கு அங்கே அழைப்பே இருந்திருக்காது. கல்லூரியைக் கொல்ல வந்த அரசாணைதான் அதைப் பெரிய ஆஸ்பத்திரியாக்கியது.

பூட்டும் பூனையும்

காக்ரேன் இழுத்த ஆட்களில் ஒருவர் பால் பிராண்ட். மிஷனரித் தம்பதியின் மகன், சிறுவயதில் கொல்லிமலையில் வளர்ந்தவர், லண்டனில் அறுவைச் சிகிச்சை படித்தவர். 1946-ல் பாடம் நடத்த வேலூர் வந்தார். காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம், என் கையை அழுத்துங்கள் என்று பிராண்ட் தன் கையைக் கொடுத்தார். அவர் அழுத்திய வேகத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. அப்படியென்றால் எல்லாத் தசையும் செத்துவிடவில்லை, சிலது மட்டும்தான் செயலிழந்திருக்கிறது; நல்ல தசையை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரலாமே. 1948-ல் இருந்து வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளில் அந்த அறுவைச் சிகிச்சை நடந்தது. தொழுநோய்ச் சிகிச்சையில் அது முன்னோடியான வேலை.

இன்னொரு காட்சி. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்கமுடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். தொழுநோய் வந்த பத்து வயதுப் பையன் ஒருவன் வந்து, கொடுங்கள் டாக்டர் என்று வாங்கி, ஒரே திருகில் திறந்துவிட்டான். தரையில் ரத்தச் சொட்டு. சாவி விரலைக் கிழித்து எலும்பு தெரிந்தது, பையனுக்குத் தெரியவே இல்லை. தொழுநோயில் விரல் ‘அழுகி விழுவதில்லை’, வலி தெரியாததால் தினசரி வேலையிலேயே தேய்ந்து கிழிந்து போகிறது என்ற கண்டுபிடிப்புக்கு இந்த மாதிரிச் சின்னச் சின்னக் காட்சிகளே ஆதாரம். அப்படியும் ஒன்று புரியவில்லை. காலையில் எழுந்தால் விரல் நுனி காணாமல் போயிருக்கும், ராத்திரி ஒரு வேலையும் செய்யவில்லை. ஒருவரைக் கண்விழித்துக் காவலிருக்கச் சொன்னதில் விடை கிடைத்தது: எலி. தூக்கத்தில் எலி கடிப்பதுகூடத் தெரியாத கை. அதற்குப் பிறகு, கை சரியாகி வீட்டுக்குப் போகிற நோயாளியோடு ஒரு பூனையும் போனது. ஆயிரம் ஆய்வுக் கட்டுரைக்குச் சமம் அந்தப் பூனை என்பேன். 1955-ல் கரிகிரியில் தனித் தொழுநோய் ஆராய்ச்சி மையமும் வந்தது.

இந்தக் குழுவில் பிராண்டிடம் பயின்றவர் கேரளத்து மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வு போனது. உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய அறுவைச் சிகிச்சைதானே கை அறுவைச் சிகிச்சை என்று சக்கர நாற்காலியோடு தியேட்டருக்குள் போனார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1963-ல் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். மான்ட்ரியாலில் புகழ்பெற்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். ரீவ் பெட்ஸ் நெஞ்சறைச் சிகிச்சையை நிறுவினார். இந்தியாவின் ஆரம்பகாலத் திறந்த இதய அறுவைச் சிகிச்சைகளில் ஒன்று 1961-ல் இங்கே நடந்தது. 1971-ல் சிறுநீரக மாற்று. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் எங்கே சோதிக்கப்பட்டன தெரியுமா? ஜேக்கப் ஜானின் வேலூர் வைரஸ் ஆய்வகத்தில். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதலில் தெரியவந்தது அங்கேதான்.

இந்தப் பட்டியலைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிராண்ட், சாண்டி, பெட்ஸ் எல்லோருமே பாடம் நடத்தும் டாக்டர்களாக வந்தார்கள். தனியார் ஆஸ்பத்திரி ஒரு நிபுணரைக் கூப்பிட்டால் அவர் போகும்போது அந்தச் சிகிச்சையும் போய்விடும். கல்லூரி கூப்பிட்டால் அவரிடம் படித்தவர்கள் நாலு பேர் மிஞ்சுவார்கள். 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா இறந்தபோது எந்தத் துறையும் அசையவில்லை. மற்ற மிஷன் ஆஸ்பத்திரிகளில் பெரிய டாக்டர் இறந்த மறுநாளே சரிவு தொடங்கிவிடும்.

வளர்த்து வெளியே அனுப்பும் வேலை

வேலூரின் கல்வி முறையில் வெளியாட்களுக்குப் புரியாத ஒரு அம்சம், ஸ்பான்சர் முறை. இடங்களில் பெரும்பகுதிக்குச் சர்ச்சுகளும் மிஷன் அமைப்புகளும் மாணவர்களைப் பரிந்துரைக்கும். படித்து முடித்ததும் இரண்டு வருடம் ஸ்பான்சர் சொல்லும் ஊரில் வேலை. ஜார்க்கண்டோ, ஒடிசாவோ, வடகிழக்கு மலையோ, எங்கே டாக்டர் இல்லையோ அங்கே. இருபத்து நான்கு வயதில், சீனியர் யாரும் இல்லாமல், கரண்ட் போன ராத்திரியில் சிசேரியன் செய்துவிட்டு வந்தவர்களுக்கும், நகரத்திலேயே மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கும் வித்தியாசம் பேச்சிலேயே தெரியும். இன்னொரு விளைவும் இருக்கிறது. அந்த மலை ஆஸ்பத்திரியில் முடியாத கேஸை அவர்கள் எங்கே அனுப்புவார்கள்? படித்த இடத்துக்குத்தான். காட்பாடியில் இறங்கும் வங்காளிக் கூட்டத்துக்கு ஒரு காரணம் சிகிச்சையின் தரம், இன்னொரு காரணம் இந்த வலை.

கூட்டம் ஒரு வெற்றிதான், ஒரு பாரமும்கூட. தூரத்திலிருந்து வருபவர்களே நிறைந்துவிட்டால் உள்ளூர் ஏழைக்கு இடமில்லாமல் போகும் என்ற குறை வேலூரில் பலகாலமாக உண்டு. கே.வி.குப்பத்தில் 1977-ல் தொடங்கிய ருஹ்சா கிராம நலத் திட்டம், ஊருக்குள் ஏழைகளுக்கென்று 1982-ல் தொடங்கிய குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவு எல்லாம் அந்தக் குறைக்குச் சொன்ன பதில்கள். முழுப் பதில் என்று நான் சொல்லமாட்டேன். பணம் கட்டும் நோயாளியிடம் வாங்கிக் கட்டமுடியாதவருக்குச் செலவழிக்கும் கணக்கில்தான் ஆஸ்பத்திரி ஓடுகிறது. அந்தத் தராசு எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் வேலூரின் சேரிகளில் வீடு வீடாகக் குழந்தைகளைப் பின்தொடர்ந்த வயிற்றுப்போக்கு ஆய்வுகளும் இந்தக் கிராம, நகர்ப்புறப் பணியின் பக்கத்திலேயே வளர்ந்தவை. வேலூர் ஆய்வாளர் ககன்தீப் காங் போன்றவர்கள் பல ஆண்டுகள் உழைத்த அந்த வழியில், ரோட்டாவைரஸுக்கு எதிரான உள்நாட்டுத் தடுப்பூசி டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் சோதிக்கப்பட்டு, 2016-ல் அரசுத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது.

ஸ்பான்சர் முறைக்கே 2017-ல் சோதனை வந்தது. எல்லா எம்.பி.பி.எஸ். இடங்களையும் நீட் மதிப்பெண் வரிசைப்படி பொதுக் கலந்தாய்வில்தான் நிரப்பவேண்டும் என்பது புதிய விதி. நேர்முகமும் சில நாள் கூட இருந்து பார்க்கும் தேர்வும் இல்லாமல், கிராமத்துக்குப் போகக்கூடிய ஆளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்து எப்படி எடுப்பது என்று கல்லூரி கேட்டது. எல்லாத் தனியார் கல்லூரியும் இப்படித்தான் ஏதாவது காரணம் சொல்லும், வெளிப்படையான தேர்வுதான் ஊழலைத் தடுக்கும் என்பது மறுதரப்பு. நன்கொடைக் கல்லூரிகளைப் பார்த்து நொந்த எவருக்கும் இந்த வாதம் புரியும். வேலூர் சீட்டுக்கு நன்கொடை வாங்காத இடம் என்பதால் அதன் கோபமும் புரியும். வழக்கு முடியும்வரை காத்திருப்பதாகச் சொல்லி அந்த ஆண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பில் கல்லூரி ஒரே ஒரு மாணவரைச் சேர்த்தது. நூறு இடங்களில் ஒன்று. அடுத்த ஆண்டு சேர்க்கை மீண்டும் நடந்தது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எம்.பி.பி.எஸ். நாலரை வருடம். 2017-ல் சேர்ந்த வகுப்பு ஹவுஸ் சர்ஜன்களாக வார்டுக்குள் வரவேண்டியது 2022-ல். அதே 2022-ல், ஐடா பிறந்த ராணிப்பேட்டையில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாக, விபத்துச் சிகிச்சைப் பிரிவோடு பிரம்மாண்டமான புது வளாகம் திறந்தது. படுக்கைகள் தயாராக இருந்த வருடத்தில், அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய வகுப்பில் இருந்தது ஒரே ஒருவர்.